ஒரு நாள் கூட்டினால் சரியாக வருகிறது

ஜெசிந்தாவிடமிருந்து அந்தச் செய்தி வந்தபோது மணி இரண்டு இருபது. தமயந்தி தயிர்சாத டப்பாவைக் கழுவி மேசை ஓரத்தில் கவிழ்த்துவிட்டு, மிச்ச மத்தியானத்தைத் தூங்கி விழாமல் எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். 'அக்கா, பல் டாக்டர் முகாம இன்னைக்குன்னுதான் போட்டு வெச்சேன். சிஸ்டம் நாளைக்குன்னு காட்டுது. சும்மா இருக்கறப்ப பாருங்க, அவசரமில்ல.' ஜெசிந்தாவுக்கு எதுதான் அவசரம். திருப்பூரில், புருஷனிடம் அடிபட்டு வருகிற பெண்களுக்கு இடம் கொடுக்கிற ஒரு டிரஸ்டில் அவள் ஆலோசகர். மண்டை உடைந்து வந்து நிற்பவளிடமும் முதலில் ஒரு டீயைக் குடி, அப்புறம் பேசலாம் என்பவள். அந்த டிரஸ்டுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மென்பொருள் எழுதிக் கொடுத்தவள் தமயந்தி. கோவை சரவணம்பட்டியில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், பதினோரு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி. கீழே பப்ஸ் வேகும்போது மேலே யாருக்கும் வேலை ஓடாது. நாளைக்கு என்று காட்டுகிறதாம். சரி, இவளே தப்பாகத் தட்டியிருப்பாள், பல்லு டாக்டர் நினைப்பில் விரல் வழுக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே தமயந்தி ஒரு புதுப் பதிவைத் திறந்தாள். பெயர்: சோதனை. தேதி: பதினான்கு. இன்றைக்குச் செவ்வாய், பதினான்கு. சேமித்தாள். திரையில் பதினைந்து என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். பதினைந்து. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாக, விரலைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். பதினைந்துதான் வந்தது. இடது காதுக்குப் பின்னால், மயிர் மறைத்திருக்கிற தழும்பு சூடாகத் தொடங்கியது. பயம் வந்தால் அது அங்கேதான் முதலில் வரும், நெஞ்சுக்கெல்லாம் பிறகுதான். பயம் இன்னும் எதற்கென்றே தெரியவில்லை, ஆனால் தழும்புக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயில் வந்த முதல் வார்த்தை 'பிரசன்னா'. நான்கு மேசை தள்ளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிற பிரசன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரவல் நிரல்கள் அடங்கிய எல்லா நூலகங்களையும் புதுசாக ஏற்றுகிறேன் என்று குதித்த பிரசன்னா, அவன்தான், அவனேதான்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் டேட்டாபேஸோடு நேரே பேசுவது குறைவு. நடுவில் ஒரு தரகன் உண்டு, அதுவும் ஒரு நூலகம்தான், ஓஆர்எம் என்று பெயர். நீங்கள் உங்கள் பாஷையில் சொல்லுங்கள், நான் அங்கே அவர்கள் பாஷையில் சொல்லிக்கொள்கிறேன் என்பான். நல்லவன்தான், உழைப்பாளிதான், ஆனால் பழைய தரகனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெறும் தேதியை வெறும் தேதியாகக் கையில் வாங்க மாட்டான். பதினான்கு என்று நீட்டினால், பதினான்காம் தேதி எத்தனை மணிக்கு என்பான். மணி எதற்கடா, ஒருத்தன் ஜெயிலைவிட்டு வருகிற நாள், அவ்வளவுதான் என்றால் கேட்க மாட்டான். நாள் தொடங்குகிற பன்னிரண்டு மணியைத் தானாகவே ஒட்டிக்கொள்வான். ஒட்டிக்கொண்டு, உலகத்துக்கெல்லாம் பொதுவான லண்டன் நேரத்துக்கு மாற்றுகிறேன் பேர்வழி என்று ஐந்தரை மணி நேரத்தைக் கழிப்பான். கழித்தால் பதின்மூன்றாம் தேதி மாலை ஆறரை. டேட்டாபேஸில் அந்தக் கட்டமோ தேதிக்கு மட்டும் இடம் உள்ள கட்டம். ஆறரையை வெட்டி எறிந்துவிட்டு பதின்மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை, ஒரு நாள் மட்டும் காணாமல் போயிருக்கும். இதெல்லாம் இப்போது, இந்த நாற்காலியில், தழும்பு எரிய எரிய அவளுக்குப் புரிகிறது. எழுதிய அன்றைக்குப் புரியவில்லை. அன்றைக்கு மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள், மறுநாள் காலை டிரஸ்டில் திறப்பு விழா, வாசலில் வாழைமரமே கட்டியாகிவிட்டது, எங்கே போட்டாலும் தேதி ஒரு நாள் குறைவாக வந்து நிற்கிறது. சீ போ என்று, தேதியைத் திரைக்கு எடுத்து வருகிற இடத்தில், கூட்டல் ஒன்று என்று எழுதினாள். எல்லாம் சரியாகிவிட்டது. அதன் தலைக்கு மேல் ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: 'ஒரு நாள் கூட்டினால் சரியாக வருகிறது. ஏன் என்று தெரியவில்லை. தொடாதே.' இரண்டு வருஷம் அது தொடப்படாமல் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த புதுத் தரகன் யோக்கியன். பதினான்கைக் கொடுத்தால் பதினான்காகவே வைக்கிறான். திரும்பி வருகிற வழியில் இவளுடைய கூட்டல் ஒன்று பழைய விசுவாசத்தோடு நின்றுகொண்டு பதினான்கைப் பதினைந்தாக்கி அனுப்புகிறது. பல் முகாமாக இருந்தால் பரவாயில்லை. பல் வலிக்காரர்கள் ஒரு நாள் பொறுப்பார்கள்.

ஆனால் அந்த மென்பொருள் பல் முகாமுக்காகவா எழுதப்பட்டது. அதில் உள்ள கட்டங்களிலேயே முக்கியமான கட்டம் 'விடுதலை நாள்'. மனைவியைக் குத்தியவன், கொளுத்தப் பார்த்தவன், கையை முறித்தவன், அவன் என்றைக்கு வெளியே வருகிறான் என்று வக்கீல்கள் கேட்டுச் சொல்வதை டிரஸ்டில் அந்தக் கட்டத்தில் போடுவார்கள். போட்ட உடனே அந்தப் பெண்ணின் ஃபோனுக்கு ஒரு செய்தி போகும். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் போய் அவளை அழைத்துக்கொண்டு வந்து, யாருக்கும் முகவரி சொல்லாத ஒரு வீட்டில் வைக்கும். அந்த வீட்டில் பத்துக் கட்டில்தான், அதனால் முன்கூட்டியே யாரையும் வைக்க முடியாது. முந்தின நாள் என்றால் முந்தின நாள். அந்த முந்தின நாளைச் சொல்வது தமயந்தியின் நிரல். பழைய பதிவுகள் பிழைத்தன. உள்ளே ஒன்று குறைந்து கிடக்கிறது, வெளியே ஒன்று கூடி வருகிறது, கணக்கு நேர். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு போட்டவை மட்டும்தான் தப்பு. அப்படிப்பட்ட விடுதலை நாள் எத்தனை, எத்தனை என்று கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள். மூன்று. மூன்றில் இரண்டு அடுத்த மாதம், நேரமிருக்கிறது. மூன்றாவது, சனிக்கிழமை காலை பத்தே காலுக்குப் போடப்பட்டது. மல்லீஸ்வரி. வயது முப்பத்தொன்று. பனியன் கம்பெனியில் செக்கிங். கணவன் பெயர் தங்கதுரை. விடுதலை நாள், உள்ளே பதினான்கு, வெளியே பதினைந்து. செய்தி போய்விட்டது: 'புதன்கிழமை, பதினைந்து.' வேன் இன்றைக்கு ஆறு மணிக்கு. அவன் வெளியே வந்தது இன்றைக்குக் காலையில். குறிப்பு என்ற கட்டத்தில் ஜெசிந்தாவின் கையெழுத்து போலவே தளர்வாக இருந்தது அந்த வாசகம்: 'கழுத்துக்குக் கீழே ரெண்டு குத்து, தோள்ல ஒண்ணு. நூல் வெட்ற கத்தரி, அவளோடதேதான். கோர்ட்டு வாசல்ல வெச்சு, வந்ததும் முடிச்சிருவேன்னு சொன்னான்.' தமயந்தி அதை ஒரு தடவைதான் படித்தாள். ஒரு தடவை போதும், அது கண்ணைவிட்டுப் போகாது.

மல்லீஸ்வரியின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். கம்பெனியில் இருப்பாள், கம்பெனிக்குள் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் எடுக்கவில்லை, கம்பெனியில் முந்நூறு பேர் நடுவில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள், அங்கே எவனும் நுழைய முடியாது, வாட்ச்மேன் இருப்பார் என்று தமயந்தி அவசரம் அவசரமாக அவளைக் கம்பெனிக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தாள். பிறகு ஜெசிந்தாவுக்கு அடித்து, மூச்சு வாங்காமல் சொன்னாள். "அக்கா, இன்னைக்கு லீவு போட்றச் சொல்லி நாந்தான்க்கா சொன்னேன்" என்றாள் ஜெசிந்தா. "சாயங்காலம் வேன் வருது, பையெல்லாம் கட்டி வெச்சுட்டு வீட்டுலயே இருன்னு சொன்னேன்." வண்டிச் சாவியைத் தேடுகிற சத்தம் கேட்டது, டம்ளரோ எதுவோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. "பதினஞ்சு நிமிஷத்துல போயிருவேன். நூறுக்கும் அடிச்சுச் சொல்லிர்றேன். நீங்க வெச்சிருங்க." அவசரம் தெரியாத ஜெசிந்தா ஓடுகிறாள். தமயந்தி கம்பெனிக்குள் உட்கார வைத்த பெண் எழுந்து லைன் வீட்டின் ஒற்றை அறைக்குள் போய்ப் பையைக் கட்டத் தொடங்கினாள். ஒரு கதவு. லைன் வீட்டில் பின்வாசல் இருக்காது. தமயந்தியின் வீட்டில் பின்வாசல் இருந்தது, இருந்து என்ன.

அவள் புருஷனாக இருந்த திவாகர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். நல்ல தமிழ், வெள்ளைச் சட்டை, ஊரில் ஒருத்தர் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். அவன் சத்தம் போட மாட்டான். தேதி கேட்பான். பன்னிரண்டாம் தேதி எத்தனை மணிக்கு பஸ் ஏறினே. அன்னைக்கு என்ன கிழமை. நீ செவ்வாய்னு சொன்னே, பன்னிரண்டு புதன், அப்ப எந்த நாளை மறைக்கறே. ஒரு நாள் மாறிவிட்டால் போதும், அந்த ஒரு நாள் இடைவெளியில் எவனோ ஒருத்தன் ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் ஈரத் துண்டு, முறுக்கிய ஈரத் துண்டு, தழும்பு விழாது என்பது அவன் ஆராய்ச்சி. குக்கர் மூடி ஒரே தடவைதான், அது ஆராய்ச்சிக்கு வெளியே நடந்துவிட்டது. காதுக்குப் பின்னால் மூன்று தையல், விழுந்துட்டா சார் என்று டாக்டரிடம் அவனே சொன்னான். அடித்து முடிந்ததும் சொல்ல வைப்பான். தப்பு என்மேலதான். சரியாச் சொல்லு. தப்பு என்மேலதான். இதுல வருத்தமே இல்லையே, வருத்தத்தோட சொல்லு. தப்பு என்மேலதான். அவனுக்குப் பிடித்த குரலில் வருகிறவரை சொல்ல வேண்டும், ஒரு நாள் நாற்பது தடவை வரை எண்ணினாள், பிறகு எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. அதனால்தான் அவள் தேதிகளை எழுதி வைக்கத் தொடங்கினாள், நாள், கிழமை, மணி, போன இடம், வந்த பஸ், ஒரு வங்கி டைரி முழுக்க. அந்த டைரியை வைத்துத்தான் கடைசியில் விவாகரத்தே கிடைத்தது. நீதிபதி அம்மா அதைப் புரட்டிவிட்டு, நீங்க ரொம்பக் கவனமானவங்க என்றார்கள். கவனமானவள். வெளியே வந்த அன்றைக்கு ஒன்று தீர்மானித்தாள்: இனி அந்த இரண்டு வார்த்தையை இந்த வாய் சொல்லாது. ஒன்பது வருஷமாகச் சொல்லவில்லை. ஆபீஸில் எது உடைந்தாலும், அந்த இடத்தில் ஒரு சிக்கல் நடந்திருக்கிறது என்பாள், நெட்வொர்க் என்பாள், வாடிக்கையாளர் தப்பாகச் சொன்னார் என்பாள், பிரசன்னா என்பாள். எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், முதுகுக்கு அதைவிடக் கனமானதெல்லாம் தெரியும்.

இரண்டு நாற்பது. ஜெசிந்தா இப்போது எந்தச் சிக்னலில் நிற்கிறாளோ. தங்கதுரை காலையில் எத்தனை மணிக்கு வெளியே வந்திருப்பான், ஏழு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டீ, ஒரு பீடி, பஸ், ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம், குடிக்கப் போனானா, குடித்தால் நல்லதா கெட்டதா, குடித்தால் நேரமாகும், நேரமானால் நல்லது, ஆனால் குடித்துவிட்டு வந்தால். திவாகர் குடிக்க மாட்டான், அதனால் அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கதவு தட்டப்படுகிறது. மல்லீஸ்வரி பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், இரண்டு நைட்டி, ஒரு சேலை, ரேஷன் கார்டு. வேன் சீக்கிரம் வந்துவிட்டதா என்று நினைக்கிறாள். நினைப்பாள், ஏனென்றால் அவன் நாளைக்குத்தானே வருகிறான், கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறதே, தாழ்ப்பாளை எடுக்கிறாள். எடுக்காதே. அவன் முகம். எடுத்துவிட்டாள். கத்தரி எங்கே இருக்கும், செக்கிங் வேலைக்காரிகள் அதைப் பர்ஸிலேயே வைத்திருப்பார்கள், அதே கத்தரியா, போலீஸ் எடுத்துக்கொண்டு போயிருப்பார்களே, புதுசு வாங்கியிருப்பாள். தலைமயிரைக் கையில் சுருட்டி இழுக்கும்போது முதலில் வலிப்பது தலை இல்லை, கழுத்து. முகம் சுவரில் படும்போது ஒரு வெளிச்சம் அடிக்கும், மூக்குக்குள் இரும்பு வாசனை வரும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, தெரியாத பாகத்துக்குள் அவள் போகவில்லை, கத்தரி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டாள், மறுபடி தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பித்தாள். எடுக்காதே. எடுத்துவிட்டாள். எடுக்காதே.

"அக்கா, டீ சொல்லட்டுமா?" பிரசன்னா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயசு, கழுத்தில் ஹெட்ஃபோன், அதிலிருந்து ஏதோ பாட்டு சன்னமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேசையில் அவளுடைய எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தது, நிறைந்த பாட்டில். அதை எடுத்து அந்த நெற்றியில் ஒரே போடு. இரண்டாவது காதின் மேல். பல் சிதறி விசைப்பலகை மேல் விழும், பாட்டு நின்றுவிடும். அவள் கை உண்மையாகவே பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்தது, விரல் வெளுக்கப் பிடித்திருந்தது. இப்படித்தான் இருக்குமா திவாகருக்கு, யாரையாவது ஒருத்தரை அடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிற இந்த நொடி இப்படித்தானா இவ்வளவு சுகமாக இருக்கும். அவள் கையை எடுத்தாள். "வெள்ளிக்கிழமை நீதானே ஏத்தினே" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஆமாக்கா. ஏன், எதாச்சும் போச்சா? டெஸ்ட் எல்லாம் பச்சையா வந்துச்சே." எல்லாம் பச்சையாகத்தான் வரும், சோதனைக்கு வைத்திருந்ததெல்லாம் பழைய பதிவு, பழைய பதிவுக்குக் கணக்கு நேர். "தேதி எடுக்கற எடத்துல ஒரு கூட்டல் ஒண்ணு இருக்கே, அதப் பாத்தியா?" "பாத்தேன்க்கா." "பாத்துட்டு?" அவன் கொஞ்சம் தயங்கினான், பெரியவர்களுடைய ஏதோ ஒரு சங்கதியைப் பார்த்துவிட்டவன் போல. "தொடாதேன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அதான் தொடல." பிறகு அவனே போய் டீ சொல்லிவிட்டு வந்தான். அவன் மேல் போட ஒரு கல்லும் மிச்சமில்லை.

கை சும்மா இருந்தால் பாட்டிலைத் தேடும் என்று அவள் நிரலைத் திறந்தாள். அந்த வரி அப்படியே இருந்தது, இரண்டு வருஷத் தூசி ஒன்றும் அதன் மேல் படியவில்லை, நிரலில் எதுவும் பழசாவதில்லை. கூட்டல் ஒன்றை எடுத்துவிட்டால் புதுப் பதிவு சரியாகும், பழைய பதிவு அறுபத்தொன்றும் ஒரு நாள் முன்னால் போய்விடும். போகட்டுமே. முன்னால் போனால் என்ன. ஒரு நாள் முன்னாலேயே வேன் போகும், ஒருத்தி ஒரு நாள் கூலியை இழப்பாள், கட்டில் இல்லாமல் ஒரு ராத்திரி பாயில் படுப்பாள், ஜெசிந்தா திட்டுவாள், அவ்வளவுதான். பின்னால் போனால் தாழ்ப்பாள். ஒரே தப்பு, இந்தப் பக்கம் தப்பினால் பாய், அந்தப் பக்கம் தப்பினால் கத்தரி. இது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டாமா. டிரஸ்டில் யாரையாவது கூப்பிட்டு, அம்மா, தேதி ஒரு நாள் குறைவாக வருகிறது, எதனால் என்று தெரியவில்லை, இன்னும் இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாம், ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி யார்மேல் தப்பு என்பது. அதற்குப் பயந்துதான் ஒன்றைக் கூட்டினாள். அவ்வளவு கவனமாக நாள், கிழமை, மணி என்று எழுதி வைத்தவள், ஒருத்தன் ஒரு நாள் மாறியதற்காகவே தன்னை முறுக்கிய துண்டால் அடித்ததை மறக்காதவள், அவளே ஒரு நாளைக் கையில் எடுத்து எங்கேயோ சொருகிவிட்டு, தொடாதே என்று எழுதி வைத்திருக்கிறாள். டீ வந்தது, ஆறியது. அவள் வரியை அழித்தாள், பழைய பதிவு அறுபத்தொன்றையும் திருத்த ஒரு துண்டு நிரல் எழுதினாள், கைக்கு எப்போதும் வெட்கமே கிடையாது. ஓட்டினாள். பதினான்கு பதினான்காக வந்தது. மணி மூன்று ஐந்து. பதினைந்து நிமிஷம் என்று சொன்னவள் அரை மணி ஆகியும் கூப்பிடவில்லை.

மூன்று பன்னிரண்டுக்கு ஃபோன் அடித்தது. ஜெசிந்தா. பின்னால் ஆட்டோ ஹாரன், யாரோ அழுகிற குழந்தை, ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் கிறீச். "உயிரோட இருக்காக்கா" என்றாள் முதலில். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். பதினோரு மணிக்கு வந்திருக்கிறான். கதவைத் தட்டியிருக்கிறான், வேனுக்காரர் வழி கேட்டு முன்னாடியே வந்துவிட்டார் என்று இவள் திறந்திருக்கிறாள். அம்மிக்குழவியை எடுத்திருக்கிறான். முதல் அடிக்கு இடது கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறாள், கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இரண்டாவது அடியில் முன்பல் இரண்டு போய்விட்டது. மூன்றாவதற்குள் பக்கத்து வீட்டு ஒடிசாப் பெண்கள் மூன்று பேர், ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், எழுந்து வந்து கதவோடு அவன்மேல் விழுந்திருக்கிறார்கள். அவன் ஓடிவிட்டான், பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார்களாம், இப்போதுதான் போலீஸ் சொன்னார்கள். "நாலு மணி நேரமா ஜிஎச்சுல ஒக்காந்திருக்காக்கா. ஃபோனு வீட்டுலயே கெடந்திருக்கு. கட்டு போடறப்பகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னு நர்ஸம்மா சொல்றாங்க. கம்ப்யூட்டர் மேடம் லைன்ல இருக்காங்கன்னு சொன்னேன், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். குடுக்கறேன்." வேண்டாம், குடுக்காதே என்று தமயந்தி சொல்ல நினைப்பதற்குள் அங்கே ஃபோன் கைமாறிவிட்டது.

"மேடமுங்களா." பல் போன வாய். எழுத்துகள் காற்றாக வந்தன. "மல்லீஸ்வரி பேசறனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. போன மாசம் வக்கீலய்யா, இன்னும் முப்பத்தியொரு நாள்ல வந்துருவான், பாத்து இருந்துக்கம்மான்னு சொன்னாருங்க. நான் கதவுக்குப் பொறத்தால கரியில முப்பத்தியொரு கோடு போட்டு வெச்சிருந்தனுங்க. தெனம் வேலைக்குப் போறப்ப ஒண்ண அடிச்சுருவேன். என்ற கணக்குல செவ்வாக்கெழமைதானுங்க வந்துச்சு. சனிக்கெழம உங்க மெசேஜு வந்துச்சு, புதன்னு. படிச்சவங்க, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்றாங்க, அது தப்பா வருமா, நாந்தான் எங்கியோ ஒரு நாளத் தவற விட்டுட்டேன்னு..." மூச்சு வாங்கினாள். "இன்னொரு கோடு போட்டனுங்க. ஒண்ணு சேத்துனதும் கணக்கு சரியாப் போச்சு. ஆனா அவன் செவ்வாக்கெழமையே வந்துட்டான். எங்க விட்டேன்னே தெரியலீங்க. தப்பு எம்மேலதானுங்க, போலீசு வந்து கேட்டா உங்களுக்கு எதும் பிரச்சன வருங்களா? ஜெசிந்தாக்காவ ஏசிராதீங்க."

தமயந்தி வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் ஒரு சிக்கல் என்று ஒரு வாக்கியம் பழக்கத்தில் முன்னால் வந்து நின்றது, அதற்குப் பின்னால் வரிசையாக நூலகம், புதுப் பதிப்பு, வெள்ளிக்கிழமை. கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு கோடு. ஏன் என்று தெரியாமல், கணக்கு நேராக வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்த ஒரு கோடு. நாற்பது தடவை சொல்லி நாற்பதாவது தடவையும் பொய்யாகவே இருந்த அந்த இரண்டு வார்த்தை தொண்டையில் ஏறியது, திவாகர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ம், சொல்லு என்றான். இது உனக்கில்லை என்று அவள் மனசுக்குள் அவனிடம் சொன்னாள். "இல்லைங்க மல்லீஸ்வரி" என்றாள். "நீங்க ஒரு நாளும் விடல. நீங்க எண்ணுனது சரி. முப்பத்தியொண்ணுதான். கம்ப்யூட்டர்ல நான் எழுதினது தப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு நாளக் கூட்டி எழுதினேன், எதுக்குன்னு தெரியாமலே எழுதினேன். தப்பு என்மேலதான்."

"அப்ப என்ற கணக்கு சரிதானுங்களா?" "சரிங்க." "செவ்வாக்கெழமதான்?" "செவ்வாய்தாங்க." பிறகு அந்த உடைந்த வாயிலிருந்து அது வந்தது. "என்ற கணக்கு சரிதான்டீ! படிச்ச முண்டே, முப்பத்தியொரு நாளு விடாம எண்ணுனேன்டீ நானு! பைய போன வாரமே கட்டி வெச்சு, உன்ற மெசேஜப் பாத்துட்டுப் பிரிச்சுப் போட்டேன்டீ! உன்ற கையி முறிஞ்சு போக, உன்ற வாயி வெந்து போக!" ஜெசிந்தா நடுவில் ஏதோ சமாதானம் சொன்னாள், நர்ஸ் யாரோ கத்தினார்கள், மல்லீஸ்வரி யாரையும் கேட்கவில்லை, அழுதுகொண்டே, எச்சிலும் ரத்தமும் தெறிக்கத் தெறிக்கத் திட்டினாள். தமயந்தியைப் பெற்றவளிலிருந்து தொடங்கி அவள் பெறாத பிள்ளை வரை திட்டினாள். சத்தம் ஃபோனை மீறி வெளியே கேட்டு நான்கு மேசை தள்ளி பிரசன்னா எழுந்து நின்றான். வெச்சிருங்கக்கா என்று கையால் காட்டினான். தமயந்தி வைக்கவில்லை. தழும்பு இருக்கிற காதில்தான் ஃபோன் இருந்தது, அதை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் தானாக ஓய்கிறவரை, ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டாள்.